மூன்று மணிச் சுவர்

எர்மோசியோவில் ஜூன் மாதம்
துணி சுற்றித்தான் கதவுக் கைப்பிடியைத் தொடுவோம்.
கார்த் தொழிற்சாலையில் எனக்கு இரவு வேலை,
தூக்கம் பகலில்.
என் தூக்கத்துக்கும் மேற்குச் சூரியனுக்கும் நடுவே
பன்னிரண்டு வருடம் ஒரு மெஸ்கீட் மரம் நின்றது,
எபிஃபானியோவின் மண்ணில் வேரும்
என் ஜன்னலில் நிழலுமாக.

வேர் சாக்கடைக் குழாயை உடைத்ததாம்.
பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை வெட்டிவிட்டான்.
என்னைக் கேட்கவில்லை.
கேட்கவேண்டியதும் இல்லை, மரம் அவனுடையது.
நிழல் யாருடையது என்று
எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்கவில்லை.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள்.
எனக்கு மின்கட்டணத்தில் தெரிந்தது.
ஜன்னலடியில் இருந்த ஹைட்ரேஞ்சியா
மே முதல் வாரமே
சுட்ட அப்பளமாகச் சுருண்டது.

விடுமுறை நாளில் சாக்பீஸோடு வெளியே போனேன்.
ஏழு மணிக்கு வீட்டின் நிழல் வேலியைத் தாண்டிக் கிடந்தது.
ஒரு கோடு.
பத்து மணிக்கு இன்னொன்று.
பன்னிரண்டில் என் செருப்பகலம்.
அப்புறம் கோடு போட நிழலே இல்லை.
மூன்று மணிக்குச் சுவரில் கை வைத்தேன்;
எடுத்த பிறகும் அந்தக் கை
வெகுநேரம் என்னுடையதாக இல்லை.

நாற்றுப்பண்ணைப் பையனின் ஒரு காதில் பாட்டு.
"எந்தப் பக்கம்?"
"மேற்கு."
"வேலியா, சுவரா?"
"சுவர். வெள்ளையடித்தது."
மற்றக் காதிலிருந்தும் பாட்டைக் கழற்றினான்.

"முழு வெயில் என்று அட்டையில் இருந்தால் நம்பாதீங்க.
காலை ஆறு மணி நேரமும்
மாலை ஆறு மணி நேரமும் ஒன்றா?
ரோஜா சாகாது,
ஆனால் தினமும் உங்களைக் குற்றம் சொல்லும்.
காகிதப்பூ தாங்கும்,
ஜன்னல் துடைக்கும்போது முள்ளை நீங்கள் தாங்கணும்.
எதையும் கேட்காதது அரளி.
நெடுஞ்சாலை நடுவில்
லாரிப் புகையைக் குடித்தே பூக்குது.
மூன்று வருடத்தில் ஜன்னல் உயரம்."
விலையும் குறைவு.
நான்கு தொட்டிகளை வண்டியில் ஏற்றினேன்.

பணப்பையைத் திறக்கும்போது
பினோலே ஞாபகம் வந்தது.
எபிஃபானியோவின் நாய்.
காது கிழிந்தது, பழுப்பு நிறம், வாய் சும்மா இருக்காது.
என் ரப்பர் குழாயைத் தின்றது,
செருப்பைத் தின்றது,
செத்த ஹைட்ரேஞ்சியாவின் காய்ந்த பூவைக்கூட விடவில்லை.
மதியமானால் வேலியடியில் நுழைந்து
மரநிழல் இருந்த அதே இடத்தில் படுத்து
மூச்சிரைக்கும்.

அரளி என்ன செய்யும் என்று யாருக்குத்தான் தெரியாது.
அவனோடு பேசி நான்கு மாதம் ஆகிறது.
நாயோடு எனக்குச் சண்டை இல்லை.

வண்டியைத் திருப்பினேன்.
"நாய்" என்றேன்.
பையன் காரணம் கேட்காமல்
அரளிகளை ஒவ்வொன்றாக இறக்கிவைத்தான்.
கடைசி வரிசைக்கு நடந்துபோய்
திருநீறு பூசிய மாதிரி இலைகளோடு
செனிசோ மூன்றைத் தூக்கிவந்தான்.
"அதிகம் ஊற்றினால் செத்துடும்.
மறந்தீங்கன்னா பிழைக்கும்."
மறப்பது எனக்கு வராது என்றேன்.
"அப்போ அக்டோபரில் நடுங்க, அதுதான் முறை."
அதுவும் எனக்கு வராது.

அன்று மாலையே குழி தோண்டினேன்.
கோடரி தொடாத ஒரு வேர்
இந்தப் பக்கம் இன்னும் ஈரமாக ஓடிக்கொண்டிருந்தது.
அதை வெட்டாமல் ஒரு சாண் தள்ளி நட்டேன்.
பகலில் கார்க் கண்ணாடி மறைப்பைச் செடிகளுக்குக் குடையாக்கினேன்.
இரண்டு பிழைத்தன. ஒன்று போனது.
அதற்கு மட்டும் தினமும் தண்ணீர் ஊற்றியிருந்தேன்.

ஜூலைக் கடைசியில் ஒரு காலை
வேலை முடிந்து திரும்பினால்
காற்று சட்டையில் ஒட்டுகிறது,
இரண்டு சாம்பல் புதரும் ஊதாவாக நிற்கின்றன.
மழைக்குக் காத்திருக்கவில்லை,
ஈரக்காற்று பட்டதே போதுமென்று பூத்துவிட்டன.
ஒரு முழ நிழலில்
பினோலே மூக்கை மட்டும் நுழைத்திருக்கிறது,
உடம்பு முழுக்க வெயிலில்.

வேலிக்கு அப்பால் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல்.
"இங்கேதான் இருக்கு" என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"தொந்தரவு பண்ணுதா?"
"தூங்குது."

அன்று மழை வரவில்லை.
நானும் உள்ளே போய்ப் படுத்தேன்.